அர்ஜென்டோவிடம் சரக்கு தீர்ந்துபோனதா?

“சஸ்பீரியா பார்த்துவிட்டு இரண்டு நாள் விளக்கை அணைக்காமல் தூங்கினேன். அதே சூட்டில் அதே இயக்குநரின் டிராகுலா 3டி பார்த்தேன். டிராகுலா பெரிய வெட்டுக்கிளியாக மாறி வரும் காட்சியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இரண்டையும் எடுத்தது ஒரே ஆளா? வயதாகிவிட்டதா, இல்லை சரக்கு தீர்ந்துபோனதா?” கேட்கப்பட்ட கேள்வி இது. முதலில் ஒரு சின்னத் திருத்தம்: அது வெட்டுக்கிளி இல்லை, கும்பிடுபூச்சி. சிரித்ததில் தப்பில்லை, நானும் சிரித்தேன். ஆனால் இந்தக் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. சஸ்பீரியாவில் தெரிந்த அந்தத் திறமை நிஜமாகவே இத்தாலியப் பேய்ப்பட இயக்குநர் டாரியோ அர்ஜென்டோவுடையதுதானா, அவருடையது என்றால் அது எங்கே போய்விடும்? வயதைப் பற்றிப் பேசுவதைவிட இதற்குப் பதில் தேடுவது பயனுள்ளது.

நான் பட எடிட்டர். இருபது வருடத்துக்கும் மேலாக மற்றவர்கள் எடுத்துக் கொண்டுவரும் ஷாட்களை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அர்ஜென்டோவின் படங்களை ரசிகனாக ஆரம்பித்து, அப்புறம் ஷாட் ஷாட்டாக நிறுத்திப் பார்க்கும் பைத்தியமாக மாறியவன். எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. அதனால் வசனத்தின் தரம் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து எடுத்துக்கொள்ளுங்கள். படம் எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன்.

சந்தேகமில்லாத விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அர்ஜென்டோ 1940-ல் ரோமில் பிறந்தவர். அப்பா சால்வதோரே தயாரிப்பாளர், அம்மா புகைப்படக் கலைஞர். நாளிதழில் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர், செர்ஜியோ லியோனியின் ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட் படத்தின் கதையில் பங்கெடுத்தார். முப்பது வயது நிறையும் முன்பே, 1970-ல், தி பேர்ட் வித் தி கிரிஸ்டல் ப்ளூமேஜ் மூலம் இயக்குநரானார். 1975-ல் டீப் ரெட், 1977-ல் சஸ்பீரியா, 1982-ல் டெனிப்ரே, 1987-ல் ஓபரா. இந்தப் பதினேழு வருடத்தில்தான் அவர் பெயர் நிலைத்தது. ‘ஜல்லோ’ என்ற கொலை மர்மப் பட வகைக்கு உலகப் புகழ் வாங்கித் தந்ததில் பெரும்பங்கு இவருக்கு உண்டு. ஜல்லோ என்றால் இத்தாலிய மொழியில் மஞ்சள். உடனே நம்மூர் அர்த்தத்தில் மஞ்சள் பத்திரிகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மஞ்சள் அட்டை போட்டு வந்த துப்பறியும் நாவல்களால் வந்த பெயர் அது.

வயதுதான் காரணம் என்ற வாதம் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நிற்பதில்லை. ஓபரா வெளிவந்தபோது அவருக்கு 47. ரசிகர்களில் பாதிப்பேர் ‘கடைசி நல்ல படம்’ என்று கோடு போடுவது அங்கேதான். அதாவது சரிவு தொடங்கியதாகச் சொல்லப்படும் காலத்தில் அவர் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. அந்தச் சரிவும் நேர்கோட்டில் இறங்கவில்லை. 1998-ல் வந்த தி பாண்டம் ஆஃப் தி ஓபரா, எலிகள் வளர்த்த, முகமூடியே போடாத ஒரு பாண்டத்தைக் காட்டி என்னைப் போன்ற விசுவாசிகளையே நெளிய வைத்தது. மூன்றே வருடத்தில், 2001-ல், ஸ்லீப்லெஸ் வந்தது. அதன் தொடக்கத்தில் வரும் ரயில் காட்சி அவருடைய பொற்காலப் படங்கள் எதிலும் கூசாமல் போய் உட்காரும். மூப்பு இப்படி ஒரு படத்தில் வந்து அடுத்த படத்தில் விலகிப் போகாது.

அப்படியானால் என்ன? ஒரு காட்சியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். சஸ்பீரியாவின் தொடக்கம். ஒரு அமெரிக்கப் பெண் ஜெர்மனியில் விமானத்தை விட்டு இறங்கி வெளியே வருகிறாள். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் வாசலில் இருக்கும் தானியங்கிக் கதவு திறக்கும்போது மட்டும் வெளியிலிருக்கும் புயலோடு சேர்ந்து கோப்ளின் குழுவின் இசை உள்ளே வருகிறது. கதவு மூடியதும் இசை நின்று, விமான நிலையத்தின் சாதாரண இரைச்சல் மட்டும். மறுபடி திறக்கிறது, மறுபடி இசை. அப்புறம் அவள் வாசலைத் தாண்டும்போது, அந்தக் கதவை இயக்கும் இயந்திரத் தண்டு நகர்வதை மட்டும் ஒரு க்ளோஸ் ஷாட். யாருடைய கையும் இல்லை, கத்தியும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து டாக்சிக்குப் பக்கத்தில் மழைத்தண்ணீர் பொங்கி ஓடுவதற்கு இன்னொரு ஷாட். இன்னும் ஒருவர்கூடச் சாகவில்லை, ஆனால் நமக்கு வயிறு இறுகிவிட்டது.

இப்போது தயாரிப்புப் பக்கத்திலிருந்து யோசியுங்கள். அந்தக் கதவுத் தண்டை எடுக்க லென்ஸ் மாற்ற வேண்டும், தனியாக லைட் வைக்க வேண்டும். கதையில் அதனால் ஒரு எழுத்துகூட நகராது. பணமும் நாளும் குறைந்தால் எந்தப் படத்திலும் முதலில் கத்தரி விழுவது இந்த மாதிரி இன்செர்ட்களுக்குத்தான், அதாவது ஒரு பொருளை மட்டும் கிட்டத்தில் காட்டும் துண்டு ஷாட்களுக்கு. நான் வேலை செய்த ஒரு பேய்ப் படத்தில் (பெயர் வேண்டாம்) முக்கியமான கொலைக் காட்சிக்கு எட்டு இன்செர்ட் எழுதி வைத்திருந்தார்கள். என் மேஜைக்கு வந்தது ஒன்று, அதுவும் ஃபோகஸ் தவறி. “பேட்ச் வொர்க்கில் எடுத்துக்கலாம்” என்றார்கள், விடுபட்டதைப் பின்னால் எடுத்துச் சேர்ப்பதுதான் பேட்ச் வொர்க். பேட்ச் வொர்க் நடக்கவே இல்லை. கதாபாத்திரம் வந்தது, பேசியது, செத்தது. கதை புரிந்தது, யாரும் பயப்படவில்லை.

அர்ஜென்டோ விஷயத்தில் என் முடிவு இதுதான்: அவருடைய கலை முழுக்க, கதைக்குத் தேவையில்லாத ஷாட்களில்தான் குடியிருந்தது. டீப் ரெட்டில் கறுப்புப் பின்னணியில் கோலிக்குண்டு, பொம்மை, கத்தி என்று ஒவ்வொன்றாகக் கேமரா ஊர்ந்து போகும். அவை யாருடையவை என்றுகூடச் சொல்லப்படாது. டெனிப்ரேயில் ஒரு வீட்டின் வெளிச்சுவரில் ஏறி, கூரையைத் தாண்டி, மறுபக்கம் இறங்கும் கிரேன் ஷாட் சுமார் இரண்டரை நிமிடம் வெட்டே இல்லாமல் ஓடும். அது கொலைகாரனின் பார்வையும் இல்லை, வேறு யாருடைய பார்வையும் இல்லை. கணக்குப் பார்க்கும் எந்தப் புரொடக்ஷன் மேனேஜரும் முதல் நாளிலேயே அடித்துவிடும் ஷாட் அது. அதை எடுத்துவிட்டால் டெனிப்ரே பாதியாகிவிடும்.

அவர் பலவீனம் எங்கே என்றால் கதையில். இது பின்னாளில் வந்த நோய் இல்லை, முதல் நாளிலிருந்தே இருந்தது. ஆரம்பகாலப் படங்களில் ஒன்றில், செத்தவரின் கண்ணில் கடைசியாகப் பார்த்த காட்சி பதிந்திருக்கும் என்று நம்பித் துப்புத் துலக்குவார்கள். 1985-ல் வந்த ஃபினாமினாவில் பூச்சிகளோடு பேசும் பெண்ணும் சவரக்கத்தி பிடித்த சிம்பன்சியும் உண்டு. சஸ்பீரியாவின் கதையைத் தாளில் எழுதிக் காட்டினால் யாரும் பணம் போட மாட்டார்கள். ஆனால் படம் ஓடும்போது ஓட்டைகள் தெரியாது. நிறமும் இசையும் கேமராவும் சேர்ந்து பூசி மெழுகிவிடும். பின்னாளில் பூச்சு மெலிந்துபோக, எப்போதும் இருந்த ஓட்டைகள் தெரிய ஆரம்பித்தன.

பூச்சு ஏன் மெலிந்தது? இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது இத்தாலியத் திரைத்துறையின் நிலை. 1976-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தனியார் உள்ளூர் ஒளிபரப்புக்கு வழிவிட்டது. டிவி சேனல்கள் ஈசல் மாதிரி கிளம்பின. 1970-களின் நடுவில் இத்தாலியில் ஆண்டுக்கு 50 கோடிக்கு மேல் சினிமா டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தது. பத்தே வருடத்தில் அது நாலில் ஒரு பங்காகச் சுருங்கியது. தியேட்டர் வசூல் போனதும் படத்துக்குப் பணம் போடுகிறவர்கள் டிவி உரிமையை நம்ப வேண்டியதாயிற்று. 1990-ல் வந்த ஒளிபரப்புச் சட்டமோ, 18 வயதுக்கு உட்பட்டோருக்குத் தடை செய்யப்பட்ட படங்களை டிவியில் போடவே கூடாது என்றது. 14 வயதுத் தடை என்றால் இரவு பத்தரைக்கு மேல்தான் போடலாம். ரத்தத்தை வைத்து ஓவியம் வரைகிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய இடி என்ன இருக்க முடியும்? அவர் தலைமுறையில் இத்தாலியில் பேய்ப் படமும் கொலைப் படமும் எடுத்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலானோர் டிவிக்குப் போனார்கள் அல்லது காணாமல் போனார்கள். அர்ஜென்டோ சினிமாவில் தாக்குப்பிடித்து நின்றதே ஒரு சாதனைதான்.

இதோடு தொழில்நுட்பமும் மாறியது. சஸ்பீரியாவின் அந்தச் சிவப்பும் நீலமும் வெறும் விளக்கால் வந்தவை இல்லை. ஒளிப்பதிவாளர் லூச்சியானோ தோவோலி வண்ணத் துணிகளைச் சட்டத்தில் மாட்டி, வலுவான விளக்குகளை நடிகர்களின் முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்தார். பிறகு ரோமிலிருந்த டெக்னிகலர் லேபில், மூன்று நிறங்களுக்கும் தனித்தனி அச்சு எடுத்துச் சாயத்தை ஏற்றும் பழைய முறையில் பிரிண்ட் போட்டார்கள். அந்த முறை அப்போதே வழக்கொழிந்துகொண்டிருந்தது. இன்று கலர் கிரேடிங்கில் எந்தச் சிவப்பையும் தொட்டுவிடலாம் என்பார்கள். தொடலாம், ஆனால் அந்தச் சாயம் திரையில் தேங்கி நிற்கும் அடர்த்தி வேறு. அதே போல அக்கால இத்தாலியப் படங்களில் படப்பிடிப்பில் ஒலிப்பதிவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, எல்லாம் டப்பிங்தான். அதனால் சஸ்பீரியா செட்டில் கோப்ளினின் இசையைச் சத்தமாக ஓடவிட்டே நடிகர்களை நடிக்க வைக்க முடிந்தது. நாம் கடைசியில் ரீ-ரெக்கார்டிங்கில் சேர்ப்பதை அவர் முதலிலேயே சேர்த்துவிட்டார். டப்பிங் குரல்களின் ஒட்டாத தன்மைகூடக் கனவில் கேட்கிற பேச்சு மாதிரி படத்துக்கு உதவியது. பின்னாளில் நேரடி ஒலிப்பதிவு வந்து, எல்லாரும் தெளிவாகப் பேச ஆரம்பித்ததும், அவர்கள் பேசுவது எவ்வளவு மொக்கையான வசனம் என்று எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

அடுத்தது ஆட்கள். இங்கே உறுதியும் சந்தேகமும் கலந்து கிடக்கின்றன. அப்பா சால்வதோரே 1987-ல் இறந்தார். முதல் படத்தில் இயக்குநரை மாற்றச் சொல்லி விநியோக நிறுவனத் தலைவர் நெருக்கியபோது, மகனுக்கு முன்னால் நின்று தடுத்தது அந்த அப்பாதான். அர்ஜென்டோ பலமுறை சொன்ன கதை ஒன்று உண்டு: அதுவரை எடுத்ததைப் போட்டுக் காட்டிய பிறகு அந்தத் தலைவரின் செயலாளர் முகம் வெளிறி நிற்பதை அப்பா கவனித்தாராம். “ஏன் பயந்தீர்கள் என்று உங்கள் முதலாளியிடமே போய்ச் சொல்லுங்கள்” என்று அனுப்பினாராம். அதற்கப்புறம் யாரும் மாற்றச் சொல்லவில்லை. கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் தயாரிப்பாளரே தனக்குக் கவசமாக நின்ற ஒரு சுகம் அவருக்குப் பல வருடம் இருந்தது உண்மை.

நடிகை டாரியா நிக்கோலோடி, அர்ஜென்டோவின் பல வருடத் துணை. சஸ்பீரியாவின் திரைக்கதையில் அவர் பெயர் உண்டு, அதற்கு அடுத்து வந்த இன்ஃபெர்னோ படத்தில் பெயர் போடவில்லை. சஸ்பீரியாவின் கரு தன் பாட்டி சொன்ன அனுபவம் என்று அவர் சொன்னார். அர்ஜென்டோ அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் பிரிந்தது 1980-களின் நடுவில். அதை வைத்து ‘மூளை அந்தம்மாதான்’ என்று சிலர் தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். சஸ்பீரியாவின் மந்திரவாதமும் சூனியக்காரிகளும் நிக்கோலோடி வழியாக வந்தவை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் டெனிப்ரேயின் சுவரேறும் கேமராவை அந்தக் கணக்கில் எழுத முடியாது.

யாரும் பேசாத ஒரு பெயரை நான் சொல்ல வேண்டும். ஃப்ராங்கோ ஃப்ராதிசெல்லி. முதல் படத்திலிருந்து ஓபரா வரைக்கும், ஏறக்குறைய எல்லாப் படங்களுக்கும் எடிட்டர் அவர்தான். ஓபராவுக்கு அப்புறம் எடிட்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ரசிகர்கள் கோடு போடுவதும் ஓபராவில், ஃப்ராதிசெல்லி நிற்பதும் ஓபராவில். ஒரு எடிட்டர் இன்னொரு எடிட்டருக்குப் பரிந்து பேசுகிறான் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். பாசம் இருக்கத்தான் செய்கிறது. இது நிரூபணமும் இல்லை, ஒரு பொருத்தம் மட்டுமே. ஆனால் ஒரு இன்செர்ட்டை எத்தனை ஃப்ரேம் நிறுத்தினால் பயம், எத்தனை தாண்டினால் சலிப்பு என்பது எடிட்டிங் மேஜையில் முடிவாவது. பிற்காலப் படங்களில் பல நல்ல ஷாட்கள் ஒரு மூச்சு அதிகமாகவோ குறைவாகவோ நிற்பதை என் கண் ஒவ்வொரு தடவையும் பிடிக்கிறது.

சரி, பணமும் ஆட்களும் போனதுதான் முழுக் காரணம் என்று நான் முடித்துவிட்டால் அது வக்கீல் வாதமாகிவிடும். ஏனென்றால் நீங்கள் சிரித்த டிராகுலா 3டியை ஒளிப்பதிவு செய்தவர் யார் தெரியுமா? அதே லூச்சியானோ தோவோலி, 35 வருடம் கழித்து. இசை கோப்ளினின் அதே கிளாடியோ சிமோனெட்டி. பழைய ஆட்கள் திரும்பி வந்தும் படம் எழுந்திருக்கவில்லை. இங்கே இயக்குநரின் தேர்வையே குறை சொல்ல வேண்டியிருக்கிறது. ஓபராவில் கதவின் பார்வைத் துளை வழியாக ஒரு துப்பாக்கிக் குண்டு மெதுவாக வரும். நிஜமான பொருட்களை வைத்துச் செய்த தந்திரம், இன்றும் திரையரங்கில் ஆட்கள் தலையைப் பின்னால் இழுக்கிறார்கள். 1996-ல் வந்த தி ஸ்டெண்டால் சிண்ட்ரோமில் மாத்திரை தொண்டைக்குள் இறங்குவதைக் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் காட்டினார். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஆசைதான்: கேமரா போக முடியாத இடத்துக்குள் போய்ப் பார்ப்பது. முதலாவதில் ‘எப்படி எடுத்தார்கள்’ என்று மிரள்கிறோம். இரண்டாவதில் ‘ஓ, கிராஃபிக்ஸ்’ என்று தோள் குலுக்குகிறோம். எதையும் காட்டிவிடலாம் என்ற வசதி வந்ததும், எதைக் காட்டுவது என்ற கண்டிப்பு அவரிடம் தளர்ந்துவிட்டது. கும்பிடுபூச்சி வந்தது அந்த வழியில்தான்.

இன்னொன்று, அவர் பிற்காலத்தில் கதையை விளக்க ஆரம்பித்தார். 2004-ல் வந்த தி கார்ட் பிளேயரில் போலீஸ்காரர்கள் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று கொலைகாரனோடு இணையத்தில் போக்கர் ஆடுகிறார்கள். படத்தின் பெரும்பதற்றம் திரையில் சீட்டுகள் புரள்வதில் இருக்கிறது. காட்டுவதை வேண்டுமென்றே குறைத்துப் பார்த்தார் என்று அதற்கு ஆதரவாகச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு ஒட்டவில்லை. 2009-ல் வந்த ஜல்லோ என்ற படமோ, கதாநாயகன் சம்பளப் பாக்கிக்காக வழக்குப் போடும் அளவுக்குப் போனது. அப்படிப்பட்ட சூழலில் கதவுத் தண்டுக்கு எங்கே லைட் வைப்பது?

அதே சமயம் ‘ஓபராவுக்குப் பிறகு எல்லாம் குப்பை’ என்பதையும் நான் ஏற்கமாட்டேன். தி ஸ்டெண்டால் சிண்ட்ரோம், அந்தத் தொண்டை ஷாட்டையும் மீறி, நல்ல படம். ஃப்ளோரன்ஸின் உஃபிட்சி அருங்காட்சியகத்துக்குள்ளேயே போய் எடுத்தது. கதாநாயகி இகாரஸ் விழும் ஓவியத்தைப் பார்த்து மயங்கி அதற்குள்ளேயே விழுகிறாள். (அந்த ஓவியம் உண்மையில் இருப்பது பிரஸ்ஸல்ஸில். தர்க்கத்தைப் பற்றி அவர் என்றைக்குக் கவலைப்பட்டார்?) இசை எனியோ மோரிகோனி. ஸ்லீப்லெஸ்ஸில் தரைவிரிப்பை ஒட்டியே கேமரா நீளமாக ஊர்ந்து போகும் ஒரு ஷாட் இருக்கிறது. மனிதர்களின் கால்கள் மட்டும் வந்து போகும். பழைய அர்ஜென்டோ மூச்சுவிடுவது அதில் கேட்கும். 2022-ல், 81 வயதில், டார்க் கிளாஸஸ் எடுத்தார். பெரிய படமில்லை, ஆனால் சூரிய கிரகணத்தை ரோம் மக்கள் அண்ணாந்து பார்க்கும் அதன் தொடக்கத்தில் கண் இன்னும் வேலை செய்கிறது. திறமை தீர்ந்துபோன ஆளுக்கு இது வராது.

இது இவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. ஜார்ஜ் ரொமேரோ, டோபி ஹூப்பர் என்று அந்தத் தலைமுறையின் பேய்ப்பட இயக்குநர்கள் பலரைப் பற்றியும் இதே கேள்வி கேட்கப்படுகிறது. ஜான் கார்ப்பென்டர் 2010-ல் தி வார்டுக்குப் பிறகு சினிமாவை விட்டு இசைப்பக்கம் ஒதுங்கிக்கொண்டார். அவர்கள் ஒவ்வொருவருக்கும் கணக்கு வேறு, அதை இங்கே குழப்ப விரும்பவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது, டிராகுலாவை இப்போதைக்கு மறந்துவிட்டு டீப் ரெட்டுக்குப் போங்கள். அப்புறம் டெனிப்ரே, ஓபரா, ஸ்லீப்லெஸ் என்று இறங்கி வாருங்கள், இடையில் எங்கே பூச்சு உதிர்கிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். டீப் ரெட்டில் முதல் கொலை முடிந்ததும் கதாநாயகன் ஒரு நீண்ட நடைபாதை வழியாக ஓடுவான். சுவர் முழுக்க ஓவியங்கள். அங்கே எதையோ பார்த்தோம், அது இப்போது இல்லை என்று படம் முழுக்க அவன் மண்டையை உடைத்துக்கொள்வான். அவன் பார்த்தது நமக்கும் அந்த முதல் ஓட்டத்திலேயே காட்டப்பட்டுவிடுகிறது, ஒளிவுமறைவே இல்லாமல். தயவுசெய்து முதல் தடவை நிறுத்தி நிறுத்திப் பார்க்காதீர்கள். படம் முடிந்ததும் அந்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை.